ஆவடிக் களஞ்சியமும் ஜினீவாக் கணக்கும்

சென்னைப் பட்டணத்திலிருந்து மேற்கே அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஆவடி, நமது ராஜீய வாழ்வில் மறக்கக் கூடாத ஊர். 1955-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஸ்ரீ தேபரின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணியில் அமைந்த சமுதாயமே தேசத்தின் குறிக்கோள் என்று தீர்மானித்தது இங்கேதான். அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை இன்று நினைவில் வைத்திருப்போர் சொற்பம். ஆயினும், அதன் சாரத்தில் ஓர் அம்சம் மட்டும் காகிதத்தோடு நின்றுவிடாமல், சுவரும் கூரையுமாக அதே ஊரில் நிற்கிறது. இந்திய உணவுக் கழகத்தின் தானியக் கிடங்குகளையே சொல்கிறோம். வெளி மாகாணங்களில் குடியானவர்களிடம் வாங்கிய அரிசியும் கோதுமையும் மூட்டை மூட்டையாக ரயிலேறி வந்து இங்கே இறங்குகின்றன. இங்கிருந்து ரேஷன் கடைகளுக்குப் பிரிந்து செல்கின்றன.

இந்தக் களஞ்சியம் ஒரு வழக்கில் பிரதிவாதியாக நிற்கிறது என்பதை நமது நேயர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வழக்கு நடப்பது ஆவடியிலுமன்று, டில்லியிலுமன்று, ஜினீவா நகரில். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விவசாய ஒப்பந்தம் என்னும் சாஸனம், சர்க்கார் குறித்த விலைக்குக் குடியானவனிடம் நெல் வாங்கி ஏழைக்கு அளப்பதை, வியாபாரத்தைக் கெடுக்கும் மானியம் என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு நியாயமற்றது என்பது நமது அபிப்பிராயம். அதைச் சொல்வதற்காகவே இன்று எழுதுகிறோம். ஆனால், அத்துடன் நிறுத்திக்கொள்ள நமக்குச் சம்மதமில்லை. அயலாரிடம் நியாயம் கேட்கும் நமது சர்க்கார், அதே குடியானவனுக்குத் தன் கையால் செய்யும் அநியாயத்தையும் பேசியாக வேண்டும்.

தானியத்தைச் சேர்த்து வைக்கும் எண்ணம் நமக்குப் புஸ்தகத்திலிருந்து வந்ததன்று, பட்டினியிலிருந்து வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அப்போது வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் சர்க்கார், தானிய வியாபாரத்தில் தலையிடுவது பொருளாதார சாஸ்திரத்துக்கு விரோதம் என்று கைகட்டி நின்றது. ஊர் பட்டினி கிடந்த காலத்திலேயே இந்தியத் தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. பட்டணத்தை ஒட்டி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்சத்தில் கஞ்சிக் கூலிக்கு வந்த ஜனங்கள் வெட்டியது. பின்னர், 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. மறு வருஷம் வங்காளத்தில் சுமார் 30 இலட்சம் பேர் மடிந்தார்கள். சுயராஜ்யம் வந்த பிறகும் கவலை தீரவில்லை. 1965, 1966 வருஷங்களில் மழை பொய்த்தபோது, பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரும் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நின்றோம். ஜனாதிபதி ஜான்ஸன் அந்தக் கோதுமையை நீண்ட கால ஒப்பந்தமாகத் தராமல், கைப்பிடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக அளந்து விட்டார். பிறர் வீட்டு அடுப்பை நம்பி இலை போட்டவன் கதி நமக்கு அப்போது விளங்கியது.

இந்தப் பாடத்தின் பயனாகவே, தமிழரான ஸ்ரீ சி. சுப்பிரமணியம் மத்திய உணவு மந்திரியாக இருந்தபோது, 1965-ம் வருஷம் ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் தலைமைக் காரியாலயம் முதலில் சென்னையில் இருந்தது. முதல் ஜில்லாக் காரியாலயம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. 1967-ல் இம்மாகாணத்து மந்திரி சபை மாறியதற்கு அரிசித் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதை எந்தக் கட்சியாரும் மறுக்க மாட்டார்கள். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசிக் கார்டு உள்ள குடும்பங்களுக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2020-ம் வருஷக் கொள்ளைநோயின்போது, தேசம் முழுவதிலும் சுமார் 80 கோடி ஜனங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. அதே சமயத்தில் வியத்நாம் சில வாரங்கள் புதிய அரிசி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். அந்த மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குக் காய்கறிச் சந்தை மாறியது; பட்டணத்து ஜனங்கள் கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் அலைந்தார்கள். ஆனால் அரிசிக்கு அலையவில்லை. காரணம் கிடங்கில் இருந்தது.

இனி, ஜினீவாக் கணக்கைப் பார்ப்போம். 1994 ஏப்ரலில் மொராக்கோ தேசத்து மராகேஷ் நகரில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது இந்த ஒப்பந்தம். அதன்படி, சர்க்கார் கொடுக்கும் கொள்முதல் விலையிலிருந்து வெளி ஆதார விலை என்ற ஒன்றைக் கழிக்க வேண்டும். மிச்சத்தைக் கொள்முதலுக்குரிய தானிய அளவால் பெருக்கினால் வருவது மானியம். நமது தேசம் போன்ற வளரும் தேசங்களில், அந்த மானியம் அப்பயிரின் மொத்த விளைச்சல் மதிப்பில் நூற்றுக்கு 10-ஐத் தாண்டலாகாது. கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். சூட்சுமம் எங்கே இருக்கிறது? கழிக்கப்படும் வெளி ஆதார விலை இன்றைய விலையன்று. 1986 முதல் 1988 வரையிலான விலையின் சராசரி. உலகத்தில் எல்லா விலையும் ஏறலாம். அந்த ஒரு விலை மட்டும் ஏறாது.

நமது அரிசிக்கு அவ்வாறு நிலைநிறுத்தப்பட்ட விலை டன்னுக்கு 3,520 ரூபாய். அதாவது, கிலோ 3 ரூபாய் 52 காசு. டாலரில் டன்னுக்கு 262 சொச்சம். 2025-26-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் சாதாரண ரக நெல்லுக்கு நிர்ணயித்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்பது சர்க்கார் அரவைக் கணக்கு. எனவே, அரிசி கிலோ ஏறக்குறைய 35 ரூபாய் 36 காசு ஆகிறது. 3 ரூபாய் 52 காசு எங்கே, 35 ரூபாய் 36 காசு எங்கே? இடையிலுள்ள ஒன்பது பங்கும் மானியமாம்! ரூபாயின் மதிப்புத் தேய்ந்ததைச் சரிக்கட்ட, நமது சர்க்கார் டாலரிலேயே கணக்குக் கொடுத்து வருகிறது. அப்படியும், சுமார் 400 டாலருக்கும் 262 டாலருக்கும் உள்ள வித்தியாசம் குடியானவன் தலையில் மானியமாக ஏறுகிறது. 2018-19-ம் வருஷத்துக்கு நாம் சமர்ப்பித்த கணக்கில், அரிசி மானியம் சுமார் 500 கோடி டாலர். விளைச்சல் மதிப்பு 4,367 கோடி டாலர். நூற்றுக்கு 11.46 என்று வந்தது. வரம்பு மீறியாயிற்று என்றார்கள்.

1987-ல் கொடுத்த வாடகையை இன்று கொடுக்கிறேன் என்றால், அம்பத்தூரில் ஒரு திண்ணையேனும் கிடைக்குமா? உரத்துக்கும், டீசலுக்கும், நடவுக் கூலிக்கும் இன்றைய விலை கொடுப்பவன், நெல்லுக்கு மட்டும் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய விலைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது எந்த சாஸ்திரத்தின் தீர்ப்பு? அளவுக்கு மீறிய விலைவாசி ஏற்றத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 18-வது ஷரத்து கூறுகிறது. கவனத்தில் கொள்வார்கள், கணக்கில் கொள்ள மாட்டார்கள் போலும்.

இந்தக் கண்டிப்பைப் பணக்கார தேசங்கள் தங்களுக்கும் வைத்துக்கொண்டிருந்தால் நாம் இவ்வளவு பேச மாட்டோம். ஒப்பந்தம் ஏற்பட்ட காலத்தில் அதிக மானியம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதிக மானியம் கொடுக்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்கா வருஷத்துக்கு 1,910 கோடி டாலர் வரையில் இத்தகைய மானியம் கொடுக்கலாம். ஐரோப்பிய யூனியன் அதைவிட மிக அதிகமாகக் கொடுக்கலாம். அப்போது கஜானாவில் பணமில்லாமல் மானியம் கொடுக்காதிருந்த தேசங்களுக்கோ, அந்த நூற்றுக்கு 10 தவிர வேறு உரிமை இல்லை. அதிகம் உண்டவனுக்கு மேலும் பரிமாறு, பட்டினி கிடந்தவன் இலையை எடு என்பது பந்தி நியாயமாகுமா?

இதன் பலனை மேற்கு ஆப்பிரிக்காவில் கண்ணாரக் காணலாம். பெனின், புர்கினா பாஸோ, சாட், மாலி என்னும் நான்கு ஏழை தேசங்கள், அமெரிக்கப் பருத்தி மானியத்தால் தங்கள் பருத்திக்கு விலை போகவில்லை என்று 2003-ல் முறையிட்டன. பிரேஸில் தேசம் வழக்காடி வென்றது. அமெரிக்கா என்ன செய்தது? பிரேஸிலுக்குப் பணத்தைக் கொடுத்து, 2014-ல் வழக்கைச் சமாதானம் செய்துகொண்டது. வழக்காடச் சக்தியற்ற ஆப்பிரிக்கக் குடியானவனுக்கு அந்தப் பணத்தில் பங்கு இல்லை.

நமது களஞ்சிய விஷயம் 2013 டிசம்பரில் பாலித் தீவில் கூடிய மந்திரிகள் மகாநாட்டில் பிரஸ்தாபத்துக்கு வந்தது. ஜி-33 என்னும் வளரும் தேசங்களின் கோஷ்டியில் நின்று இந்தியா வாதாடியது. நிரந்தர ஏற்பாடு ஆகும் வரையில் யாரும் வழக்குத் தொடரக் கூடாது என்ற தாற்காலிகப் பாதுகாப்புக் கிடைத்தது. 2014-ல் டில்லியில் ஆட்சி மாறிய பிறகும் நமது பிரதிநிதிகள் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வருஷம் நவம்பரில் அந்தப் பாதுகாப்புக்குக் காலவரம்பு இல்லை என்று ஸ்தாபனம் தெளிவுபடுத்தியது. இதற்காக இரு சர்க்கார்களையும் பாராட்டுகிறோம். நிரந்தர ஏற்பாட்டை 2017-க்குள் செய்து முடிப்பதாகச் சொன்னார்கள். 2017-ல் புவெனஸ் அயர்ஸ் மகாநாடு முடிவின்றிக் கலைந்தது. 2024-ல் அபுதாபி மகாநாடும் இவ்விஷயத்தில் வெறுங்கையோடு கலைந்தது.

பாலித் தீர்மானத்தில் நமது தேசபக்தர்கள் கவனிக்காத ஒரு குறையை இங்கே சுட்டிக் காட்ட வேண்டும். அந்தப் பாதுகாப்பு, தீர்மானத் தேதியன்று நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கே உரியது. நம்மிடம் ஆவடி இருந்தது, நாம் தப்பினோம். ஆனால், இனிமேல் தன் குடியானவனிடம் தானியம் வாங்கித் தன் ஏழைக்கு அளக்க வேண்டும் என்று நினைக்கும் ஓர் ஆப்பிரிக்க தேசத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தன் வீட்டுக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடைத்தது போதும் என்று இந்தியா இருந்துவிடலாமா? அந்நியனிடம் அடிமைப்பட்டிருந்த தேசங்களுக்கெல்லாம் விடுதலை வேண்டும் என்று பேசிய தேசம் இது. புதிதாகக் கிடங்கு கட்டும் தேசத்துக்கும் சேர்த்து வாதாடுவதே நமக்கு அழகு.

இதுவரை அயலாரைப் பேசினோம். இனி நம்மவரைப் பேசுவோம்.

2023-24-ம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண நெல்லின் சர்க்கார் விலை அப்போது குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். அரிசியாகக் கணக்கிட்டால் டன் சுமார் 390 டாலர். ஜினீவாக் கணக்கின்படி நமது குடியானவன் டன்னுக்கு 130 டாலர் மானியம் பெற்ற பாக்கியசாலி. ஆனால், அதே 2023 ஆகஸ்டில் தாய்லாந்து அரிசியும் வியத்நாம் அரிசியும் உலகச் சந்தையில் டன் 600 டாலரைத் தாண்டி விற்றன. அரவைக் கூலி, வண்டிச் சத்தம், வியாபாரியின் லாபம் எல்லாம் போகட்டும். மிச்சத்தில் ஒரு பங்காவது நமது குடியானவன் வீட்டுக்கு வந்திருக்கலாமே! ஏன் வரவில்லை? 2023 ஜூலை 20-ம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நமது சர்க்கார் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு நூற்றுக்கு 20 வீதம் ஏற்றுமதி வரி போட்டது. 2024 செப்டம்பர் கடைசியில்தான் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. ஜினீவா அவனை மானியம் வாங்கியவன் என்றது. டில்லி அவனுக்கு விலை கிடைக்கும் வாசலை அடைத்தது. இரு தரப்பாரும் சேர்ந்து ஒரே மனிதனை இரு கன்னத்திலும் அறைந்தார்கள்.

வெங்காயத்தின் கதை இதைவிட மோசம். 2023 டிசம்பர் 8-ம் தேதி ஏற்றுமதித் தடை வந்தது. 2024 மே மாதத்தில், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, நூற்றுக்கு 40 வீதம் வரியோடு தடை நீங்கியது. அந்த வரி செப்டம்பரில் பாதியாகி, 2025 ஏப்ரலில்தான் முழுதும் எடுக்கப்பட்டது. தடை பிறந்தது மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயத்தை நினைத்து. அகப்பட்டுக்கொண்டதோ பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல் ஜில்லாக்களின் சின்ன வெங்காயமும்! இலங்கையிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் வீட்டுச் சாம்பாருக்குப் போகும் சரக்கு அது. நாசிக் வெங்காயத்துக்கும் அதற்கும் உருவத்திலும் சந்தையிலும் சம்பந்தமில்லை. சுங்க இலாகாவின் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணின் கீழ் அடைக்கப்பட்டிருந்ததால், ஒன்றுக்குப் போட்ட பூட்டு மற்றொன்றுக்கும் விழுந்தது. தனி எண் கொடுங்கள் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்டது, வரிச் சலுகையுமன்று, பிச்சையுமன்று. தங்கள் பயிருக்குத் தனிப் பெயர்.

பட்டணத்து ஏழை விலைவாசியால் வாட, ஏற்றுமதி நடக்க விடலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாது வருஷத்தை நினைவூட்டிய நாமே அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பஞ்சம் வந்தால் கதவை அடைக்கும் உரிமை சர்க்காருக்கு வேண்டும்; அதை விட்டுக்கொடுக்கும்படி நாம் ஒரு காலும் சொல்ல மாட்டோம். ஆனால், களஞ்சியம் எதற்காக இருக்கிறது? விலை ஏறும்போது கிடங்கிலிருந்து சந்தைக்குத் தானியம் விட்டு விலையை இறக்குவதற்குத்தானே? கையிருப்பு நிறைந்திருக்கும்போது அதைத் திறக்காமல் துறைமுகத்தை அடைப்பது, பட்டணத்து ஏழைக்குச் செய்யும் உதவியின் செலவை நாட்டுப்புறத்து ஏழையிடம் வசூலிப்பதேயாகும்.

இதில் நமது கண்ணுக்குப் படாத மூன்றாவது ஏழை ஒருவனும் இருக்கிறான். உலக அரிசி வியாபாரத்தில் நூற்றுக்கு 40 பங்கு நமது தேசத்துடையது. செனகல், காம்பியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க தேசங்களில் நொய்யரிசியே ஜனங்களின் சாப்பாடு. 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியை நாம் தடை செய்தோம்; 2025 மார்ச்சில்தான் அத்தடை நீங்கியது. சர்க்காருக்குச் சர்க்கார் கேட்டால் அனுமதி தருவோம் என்று நாம் சொன்னதும், சில தேசங்களுக்கு அவ்வாறு கொடுத்ததும் வாஸ்தவமே. ஆனால், மறுநாள் சோற்றுக்குப் பிறர் தயவை நாடி நிற்பதன் அவமானத்தை 1966-ல் அனுபவித்த நாம், மற்றொருவனை அந்நிலையில் நிறுத்தலாகாது. ஜான்ஸன் செய்ததைக் கண்டித்துவிட்டு அதையே நாம் செய்தால், நமது வாயடைபடும்.

அப்படியானால் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுங்கள், சந்தையே நியாயம் வழங்கும் என்று சில பொருளாதார நிபுணர்கள் உபதேசிக்கிறார்கள். அவர்களை யாழ்ப்பாணத்துக்கு அழைக்கிறோம். 1970 முதல் 1977 வரை, ஸ்ரீமதி பண்டாரநாயகாவின் சர்க்கார் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. கிணற்று நீரை இறைத்துத் தோட்டம் செய்யும் யாழ்ப்பாணத்து உழவர், அந்தச் சில வருஷங்களில் கல்வீடு கட்டினார்கள்; பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1977-ல் ஜெயவர்த்தனாவின் சர்க்கார் முன்னறிவிப்பின்றி இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை விழுந்தது, தோட்டக்காரன் விழுந்தான். ஹெய்த்தி தேசத்திலும் இதே கதைதான். 1995-ல் அங்கே அரிசி இறக்குமதி வரி நூற்றுக்கு 3-ஆகக் குறைக்கப்பட்டது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்து, சுதேச அரிசி விளைச்சல் நசித்தது. அது தவறு என்று முன்னாள் ஜனாதிபதி கிளிண்டனே 2010-ல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் போன குடியானவன் திரும்பி வயலுக்கு வந்துவிடவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நமது சமையற்கட்டையே பார்க்கலாம். 1990-க்குப் பின் சில வருஷங்கள் எண்ணெய் வித்து விளைச்சலில் நமது தேசம் ஏறக்குறையத் தன் காலில் நின்றது. 1994-ல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டு, பின்னர் சுங்கவரியும் படிப்படியாக இறங்கியது. இன்று நாம் உபயோகிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையிலேயே பாமாயில்தான் விற்கிறது. தேங்காய் எண்ணெயையும் அங்கே விற்கக் கூடாதா என்று தென்னை விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆக, விலை ஏறினால் ஏற்றுமதிக் கதவு மூடும். விலை இறங்கினால் இறக்குமதிக் கதவு திறந்தே இருக்கும். இரண்டு சமயத்திலும் நஷ்டம் ஒருவனுக்கே.

தானியமே வேண்டாம், ஏழைக்குப் பணமாகக் கொடுத்துவிட்டால் ஜினீவாவில் ஆக்ஷேபமும் இராது, கிடங்குச் செலவும் மிஞ்சும் என்று வேறு சிலர் யோசனை கூறுகிறார்கள். அடுத்த வீடான புதுச்சேரியில் அந்தப் பரீட்சை நடந்து பார்த்தாயிற்று. அரிசிக்குப் பதில் ரொக்கம் வந்தது. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. ஜனங்கள் அரிசியே வேண்டும் என்றார்கள். 2024-ல் கடைகள் மீண்டும் திறந்தன. ரூபாயின் வாங்கும் சக்தி மாதத்துக்கு மாதம் மாறும். படி அரிசி படி அரிசிதான் என்பது குடும்பம் நடத்தும் ஸ்திரீகளுக்குத் தெரிந்த பொருளாதாரம்.

நம்மைக் குறைகூறும் தேசங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு; அதை மறைப்பது நமது வழக்கமன்று. ஏழைக்கென்று வாங்கிய தானியம் கிடங்கிலிருந்து நழுவிக் குறைந்த விலைக்கு வெளிநாட்டுச் சந்தைக்குப் போனால், அங்குள்ள ஏழை உழவனின் விலை கெடும். அவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். ரேஷன் அரிசி மூட்டைகள் எல்லை தாண்டும்போது பிடிபட்ட செய்திகளை நாமே அடிக்கடி பிரசுரிக்கிறோம் அல்லவா? ஆகையால், ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குக் காட்டுகிறோம், கிடங்குத் தானியம் ஏற்றுமதியாகாது என்று நமது சர்க்கார் தானாகவே முன்வந்து பிரதிக்ஞை செய்ய வேண்டும். சுத்தமான கையோடு போனால்தான் கோர்ட்டில் நிமிர்ந்து நிற்க முடியும்.

நமது கோரிக்கைகளைத் தொகுத்துக் கூறுகிறோம். முதலாவது: 1986-88 விலையை ஒழித்து, அண்மை வருஷங்களின் சராசரியையோ விலைவாசிக்கேற்பத் திருத்திய விலையையோ ஆதாரமாகக் கொள்ள வேண்டும், ஏழை தேசங்கள் இனித் தொடங்கும் திட்டங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். இதைப் பெறாமல் வேறு எந்தப் பேரத்துக்கும் நமது பிரதிநிதிகள் இணங்கலாகாது. இரண்டாவது: ஏற்றுமதித் தடை ஒரு இரவில் பிறக்கும் உத்தரவாக இருக்கக் கூடாது. எந்தக் கையிருப்பில், எந்த விலையில், எவ்வளவு வரி என்பதை விதைப்புக்கு முன்பே சட்டமாக அறிவிக்க வேண்டும். முதலில் கிடங்கு திறக்க வேண்டும், பிறகு வரி, கடைசியில்தான் தடை. மூன்றாவது: தடையினால் விலை இழக்கும் விவசாயிக்கு ஈடு கொடுக்க வேண்டும். நான்காவது: இறக்குமதி வரியும் விதைப்புக் காலத்தை அனுசரித்து முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும், உள்ளூர் எண்ணெய்க்கு ரேஷன் கடையில் இடம் வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை மாகாண சர்க்காரைச் சேர்ந்தது. ஆவடிக்கு அப்பால் திருநின்றவூரைத் தாண்டினால், திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரித் தாலுக்காக்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இன்னும் நெல் விளைகிறது. அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல் மனையாயிற்று. மிச்சமிருக்கும் வயலில் நிற்பவன் மனைக்கு விற்காமல் நெல்லுக்கு நின்றதே தேச சேவை. 2025-26-ல் மாகாண ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண நெல்லுக்கு 2,500 ரூபாய் அறிவித்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால், விலை அறிவிப்பது கோட்டையில். விலை கிடைப்பது களத்துமேட்டில். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேல் என்று காக்க வைக்கப்பட்டு, மழையில் முளைவிட்ட நெல்லைப் பார்த்து நிற்பவனுக்கு, ஜினீவாவில் நாம் வென்றாலும் தோற்றாலும் ஒன்றே. கூரையும், உலர்த்தும் இயந்திரமும், குத்தகைதாரனுக்கும் சீட்டும் கொடுக்க உலக வர்த்தக ஸ்தாபனத்தின் அனுமதி தேவையில்லை.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. வர்த்தக ஒப்பந்தம் என்றதும், அது மந்திரிகளும் நிபுணர்களும் பேசிக்கொள்ளும் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கமே 1994-ல் நமக்கு 3 ரூபாய் 52 காசைக் கொண்டுவந்து கட்டியது. அன்று அந்த எண்ணை எத்தனை கிராமங்களில், எத்தனை பொதுக்கூட்டங்களில் விவாதித்தோம்? இனியாவது, நெல்லின் விலை, அரிசியின் விலை, ஜினீவாவின் விலை ஆகிய மூன்றையும் ஒரு பலகையில் எழுதி ஊர்ச் சாவடியில் மாட்டுங்கள். பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி டில்லிக்கு எட்டும்போதுதான், டில்லியின் குரல் ஜினீவாவில் கனக்கும்.